80-இல் நில் என்றால் நிற்கும், மறுநாள் காலையில் மறந்துவிடும்

போன வாரம் என் லேப்டாப்புக்குப் புது பேட்டரி மாற்றினேன். அதைக் கேள்விப்பட்ட குடியாத்தத்து நண்பன், அதே மாடல் செகண்ட் ஹேண்டில் மலிவாக வந்திருக்கிறது, மகளுக்கு வாங்கலாமா, விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டால் எல்லாம் ஓடுமா என்று கேட்டான். ஃபோனில் ஆரம்பித்தேன். சாப்பிடப் போகணும் மச்சான் என்று நடுவிலேயே வைத்துவிட்டான். அதனால் எழுதியே தருகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், மாடல் அவனுக்குத் தெரியும். ராம், பிராசசர் கதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார்.

வாங்கியதிலிருந்து இதில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்தான். வைஃபை, சவுண்ட், கேமரா, டச்பேட் எல்லாம் போட்டவுடனே வேலை செய்தன. கீபோர்டு விளக்கு கூடுகிறது, குறைகிறது. உள்ளே இருக்கும் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று படிக்க முடிகிறது. கைரேகை சென்சர் மட்டும் சும்மா கிடக்கிறது. அதை லினக்ஸோடு பேச வைக்கும் டிரைவர் என்ற மென்பொருள் இன்னும் வரவில்லை, எனக்கும் அது தேவைப்படவில்லை. இவ்வளவுதான் பொதுக்கதை.

பேச வேண்டியது பேட்டரியைப் பற்றி. வேலூரில் சித்திரை பிறந்ததுமே பேப்பரில் "வெயில் சதம்" என்று போட ஆரம்பித்துவிடுவார்கள். கத்திரியில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. சுற்றிலும் கல்மலை, பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி வரை விட்டுக்கொண்டே இருக்கும். என் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. வீட்டிலிருந்தே வேலை என்பதால் லேப்டாப் நாள் முழுக்கச் சார்ஜரில்தான். லித்தியம் பேட்டரிக்கு ஆகாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று சூடு, இன்னொன்று எப்போதும் 100 சதவீதத்திலேயே நிற்பது. இரண்டும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் ரசாயனம் சிதைந்து வாயு உண்டாகும், பேட்டரி உப்பும். முந்தைய பேட்டரிக்கு அதுதான் ஆனது. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்ததும் காட்பாடி ரோட்டில் ஒரு கடையில் கொடுத்தேன். பின்மூடியைக் கழற்றிய பையன், "இன்னா சார், தலகாணி மாதிரி உப்பிக்கினு கீது!" என்றான்.

புதுப் பேட்டரிக்கு அந்த கதி வரக்கூடாது என்றுதான் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதிக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், இந்த லேப்டாப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். சார்ஜை நிறுத்துவது மதர்போர்டில் இருக்கும் எம்பெடட் கண்ட்ரோலர் என்ற சின்ன சிப். அதனிடம் சொல்ல கம்பெனி கொடுத்த ஆப் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். ஆனால் யாரோ சிலர் ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸ் என்ற மென்பொருளுக்குள், வன்பொருளிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லும் ஏசிபிஐ அட்டவணையைப் பிரித்துப் படித்து, எந்த அழைப்பில் எந்த எண்ணை அனுப்பினால் அந்த சிப் கேட்கும் என்று கண்டுபிடித்து, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே டிரைவராகச் சேர்த்துவிட்டார்கள். நம் கண்ணுக்குத் தெரிவது ஒரே ஒரு ஃபைல். சிஸ், கிளாஸ், பவர் சப்ளை என்று ஃபோல்டர்களுக்குள் போனால் பேட்டரிக்கு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் "சார்ஜ் கண்ட்ரோல் எண்ட் த்ரெஷோல்ட்" என்ற ஃபைலில் 80 என்று எழுதினால் முடிந்தது. ஆப் வேண்டாம், லாகின் வேண்டாம், "பிரீமியம் வாங்குங்கள்" என்று நச்சரிப்பும் கிடையாது. 80 வந்ததும் சார்ஜ் நின்றுவிடுகிறது, லேப்டாப் நேராகக் கரண்டில் ஓடுகிறது. அம்மா மட்டும் தாண்டிப் போகும்போதெல்லாம் "80-லயே நிக்குதேடா, சார்ஜர் போச்சா?" என்று கேட்கிறார்.

சரி, எரிச்சலுக்கு வருவோம். லேப்டாப்பை அணைத்துப் போட்டால் அந்த 80 போய்விடுகிறது. அணைத்தவுடன் சிப் மறந்துவிடும். போதாததற்கு, இப்போது என்ன வரம்பு வைத்திருக்கிறாய் என்று அதைத் திருப்பிக் கேட்கவும் வழியில்லை. பயாஸில் எழுதுவதற்கு மட்டும் வாசல் வைத்திருக்கிறார்கள், படிப்பதற்கு வைக்கவில்லை. அதனால் டிரைவர் என்ன செய்கிறது என்றால், ஒவ்வொரு முறை லேப்டாப் ஆன் ஆகித் தான் ஏறும்போதும் எதற்கு வம்பு என்று தானே 100 என்று வைத்துவிடுகிறது. டிரைவர் எழுதியவரை இதில் குறை சொல்ல முடியாது, அவர் கையில் இருந்ததை வைத்து நியாயமாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் காலை ஆறு மணிக்கு ஆன் செய்துவிட்டு காபி போட்டு வருவதற்குள் 97 என்று காட்டும்போது நியாயமெல்லாம் யாருக்கு நினைவு வரும்?

அந்த ஃபைலைத் திறந்து பார்த்தால் அது காட்டுவது நாம் கடைசியாக எழுதிய எண். சிப் உண்மையில் அதைக் கேட்டதா என்பது அதற்குத் தெரியாது. சார்ஜ் 80-ஐத் தாண்டுகிறதா என்று நாமே உட்கார்ந்து பார்த்தால்தான் உண்டு. இந்த ஒன்றுக்குத்தான் எனக்குக் கோபம் அடங்கவே மாட்டேன் என்கிறது.

வழி இருக்கிறது. ஆன் ஆகும்போதே 80 எழுதும்படி, லினக்ஸில் தொடக்க வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டி-யில் ஒரு சின்ன சர்வீஸ் எழுதி வைக்கலாம். ஆனால் டிரைவர் ஏறுவதற்கு முன்னால் அது ஓடினால் அந்த ஃபைலே இருக்காது, சத்தமில்லாமல் தோற்றுவிடும். திறந்திருப்பதையெல்லாம் டிஸ்கில் சேமித்துவிட்டு அணைக்கும் ஹைபர்னேட் செய்து எழுப்பினாலும் திரும்ப எழுத வேண்டும், ஏனென்றால் அதுவும் அணைப்பதுதான். கடைசியில் பேட்டரியைக் கவனித்துக்கொள்ளும் டிஎல்பி என்ற லினக்ஸ் மென்பொருளைப் போட்டேன். அதன் அமைப்பு ஃபைலில் நிறுத்தும் எண்ணை ஒரு வரியில் கொடுத்ததும் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கிறது. அப்புறம் மாதாந்திரப் பராமரிப்பு நாள் வரும். நாளைக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இல்லை என்று பேப்பரில் போட்டால், முந்தின ராத்திரி 100 வேண்டும். அதற்கு ஒரு கட்டளை, மறுநாள் 80-க்கு இறக்க இன்னொன்று. கேடிஇ பிளாஸ்மா என்ற இன்னொரு லினக்ஸ் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு அமைப்புகளிலேயே ஒரு பெட்டி இருக்கிறது. எனக்கு மின்ட்டை விட மனசில்லை.

ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி ஆபீஸில் கணக்குப் பார்க்கும் மைத்துனரிடம் ஒரு பழைய திங்க்பேட் லேப்டாப் இருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்துதான் என் எரிச்சல் இரட்டிப்பானது. அதன் டிரைவரை போரிஸ்லாவ் டெயானோவ் என்பவர் 2004-இல் ஐபிஎம்-ஏசிபிஐ என்ற பெயரில் தொடங்கினார். அப்புறம் அது திங்க்பேட்-ஏசிபிஐ ஆனது. பேட்டரி வரம்பு 2018-இல் வந்த 4.17 கெர்னலிலேயே அதில் சேர்ந்துவிட்டது. எங்கே நிறுத்துவது என்பதோடு, எவ்வளவுக்குக் கீழே இறங்கினால் மறுபடி சார்ஜ் ஏற்றுவது என்றும் சொல்லலாம். வரம்பு என்ன என்று கேட்டால் கண்ட்ரோலரிடமே கேட்டுச் சொல்கிறது. ஃபேனைக்கூட 0 முதல் 7 வரை நாமே வைக்கலாம். தெரியாமல் யாரும் நிறுத்திவிடக்கூடாது என்று அதற்கு மட்டும் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். என்னுடையதில் அமைதி, நடுத்தரம், வேகம் என்று மூன்று நிலைதான். கத்திரியில் அமைதி நிலையில் வைத்தால் ஃபேன் சத்தம் குறைகிறது, உள்ளங்கை வேகிறது. மைத்துனரோ அந்த ஃபேனை ஆட்டோவிலேயே விட்டு வைத்திருக்கிறார், தொட்டதே இல்லை.

ஆக, மச்சான், வாங்காதே. மகள் ஹாஸ்டலில் இருக்கப்போகிறாள், பேட்டரியை யார் உட்கார்ந்து பார்ப்பது? திரை நல்ல திரை, கீபோர்டு அருமை, லினக்ஸ் வழுக்கிக்கொண்டு ஓடும், எல்லாம் சரி. ஆனாலும் வேண்டாம். அப்படியென்றால் உன்னுடையதை விற்றுவிடுவாயா என்று கேட்பாய். மாட்டேன், பேட்டரி இப்போதுதான் மாற்றினேன், டிஎல்பியும் சொன்னபடி கேட்கிறது.

வேறு எதைப் பார்த்தாலும் கடைக்குப் போகும்போது மின்ட் ஏற்றிய பென் டிரைவை எடுத்துக்கொண்டு போ. அதிலிருந்து பூட் செய்து, நான் சொன்ன ஃபோல்டரில் அந்த ஃபைல் இருக்கிறதா என்று பார். இருந்தால் 80 எழுதி, முழுசாக அணைத்து, திரும்ப ஆன் செய்து படித்துப் பார். 80 என்று வந்தால் விலை பேச ஆரம்பி.