எஸ்.என்.எம்.பி.யா, நெட்கொன்ஃபா?

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கிளைகளை இணைக்கும் நண்பர்கள், குரல் அழைப்புகளுக்கு முன்னுரிமை வகுக்க வலையமைப்புக் கருவிகளைத் தொலைவிலிருந்தே நிர்வகிக்கும் எஸ்.என்.எம்.பி., நெட்கொன்ஃப் ஆகிய இரண்டு நெறிமுறைகளில் எது ஏற்றது என்று கேட்கிறார்கள்.

செலவு: 1988இல் வந்த எஸ்.என்.எம்.பி. பழைய சுவிட்சுகளிலும் உண்டு. 2006இல் தரப்படுத்தப்பட்ட நெட்கொன்ஃபுக்குப் பெரும்பாலும் புதிய கருவி வேண்டும்.

பாதுகாப்பு: முன்னதற்கு மூன்றாம் பதிப்பையே பயன்படுத்துங்கள், பின்னது எஸ்.எஸ்.எச். என்ற குறியாக்கப்பட்ட இணைப்பு வழியே 830ஆம் போர்ட்டில் இயங்குகிறது.

மாற்றம்: வேறுபாடு பெரிதாவது இங்கேதான். மட்டக்களப்புக் கல்லடியில் இருந்தபடி கல்முனை ரௌட்டரில் குரல் பொதிகளுக்கு டி.எஸ்.சி.பி. 46 என்ற முன்னுரிமைக் குறியையும் அதற்குரிய வரிசையையும் அமைக்கும்போது, மாற்றங்களை முதலில் வரைவாக வைத்திருக்கும் வசதியுள்ள கருவியில் நெட்கொன்ஃப் அனைத்தையும் சரிபார்த்து ஒரே தடவையில் நடைமுறைப்படுத்தும்; உறுதிப்படுத்தும் வசதியும் இருந்து, வழக்கமான 600 வினாடிக்குள் நம் உறுதிப்படுத்தல் வராவிட்டால், பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். எஸ்.என்.எம்.பி.யில் இந்தக் காப்பு இல்லை.

ஆகவே நெரிசலைக் கண்காணிக்க எஸ்.என்.எம்.பி. போதும், முன்னுரிமையை அமைக்க நெட்கொன்ஃபையே நான் பரிந்துரைப்பேன்.