360 கிலோவின் விலை: மஸ்டாங்குடன் பத்து ஆண்டு, கேமனுடன் ஏழு ஆண்டு

மிச்சிகன் மாநிலத்தின் ட்ராய் நகரில் குடியிருக்கிறேன். வீட்டுக் கராஜில் இரண்டு கார்கள் நிற்கின்றன. இடப்பக்கம் நிற்பது 2015 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. அந்த ஆண்டு மே மாதம் புதிதாக வாங்கினேன். இன்றுவரை 71,000 மைல் ஓடியிருக்கிறது. வலப்பக்கம் நிற்பது 2014 மாடல் போர்ஷே கேமன் எஸ். 2018-இல், 19,000 மைல் ஓடியிருந்த நிலையில், முதல் உரிமையாளரிடமிருந்து வாங்கினேன். இப்போது 52,000 மைல். இரண்டிலும் கியரைக் கையால்தான் மாற்ற வேண்டும். இரண்டையும் வாரம் தவறாமல் ஓட்டுகிறேன், இரண்டையும் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோகிறேன். குறைந்த விலைக்குப் பெரிய எஞ்சின் தரும் அமெரிக்க மசில் காரா, ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் காரா, எதில் போட்ட பணம் வீண் போகாது என்று கேட்பவர்களுக்கு இத்தனை நாள் வாயால் சொல்லிவந்ததை எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மஸ்டாங்கில் 5 லிட்டர் வி8 எஞ்சின், 435 குதிரைத்திறன். எடை ஏறத்தாழ 1,680 கிலோ. கேமனில் இருக்கைகளுக்குப் பின்னால் படுத்தவாக்கில் அமைந்த ஆறு சிலிண்டர் எஞ்சின், 3.4 லிட்டர், 325 குதிரைத்திறன். எடை ஏறத்தாழ 1,320 கிலோ. ஒரு டன்னுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று வகுத்துப் பாருங்கள். மஸ்டாங்குக்கு 259, கேமனுக்கு 246. 110 குதிரைத்திறன் வித்தியாசம் என்று விளம்பரத்தில் மலைபோலத் தெரிவது, எடையைச் சேர்த்துப் பார்த்ததும் 13 ஆகச் சுருங்கிவிடுகிறது. நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகத்தை மஸ்டாங் நாலரை நொடி வாக்கில் எட்டும். கையியக்கக் கியர் உள்ள கேமன் எஸ்ஸுக்கு போர்ஷே சொல்லும் கணக்கு 4.7 நொடி. பச்சை விளக்கு விழுந்ததும் எது முந்துகிறது என்பது கிளட்சை மிதிக்கும் ஓட்டுபவரின் இடது காலைப் பொறுத்தது.

விலையோ ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருந்தது. பெரிய பிரேக்கும் அகலமான டயரும் தரும் பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜுடன் மஸ்டாங் 35,000 டாலர் அளவில் கிடைத்தது. கேமன் எஸ் புதிதாக விற்ற காலத்தில், கூடுதல் வசதி எதுவும் சேர்க்காமலே 63,800 டாலர். ஒரு குதிரைத்திறனுக்கு ஒன்றில் 80 டாலர், மற்றதில் 196 டாலர். வேகம் ஏறத்தாழ ஒன்றுதான் என்றால் அந்த 28,800 டாலரை எதற்காகக் கொடுக்கிறார்கள்? என் பதில்: 360 கிலோ இல்லாமல் இருப்பதற்காக. சக்தியைக் கூட்டுவது மலிவான வேலை. எடையைக் குறைப்பதுதான் செலவு பிடிக்கும் வேலை. இரண்டு கார்களையும் பற்றி இனி நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரே இடத்திலிருந்து கிளைக்கிறது.

இரண்டு பரம்பரைகளும் தொடங்கிய விதமே அப்படி. 1964-இல் போன்டியாக் நிறுவனம், டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் குடும்பக் காருக்குள் 389 கன அங்குல வி8 எஞ்சினைப் பொருத்தி, சுமார் 300 டாலர் கூடுதல் விலைக்கு ஜிடிஓ என்ற பெயரில் விற்றது. மசில் கார் என்ற இனம் பெரும்பாலோர் கணக்கில் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் பெயரையும் இத்தாலியின் ஃபெராரியிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். மறுபக்கம், 1948-இல் ஆஸ்திரியாவின் க்முண்ட் என்ற சிற்றூரில் போர்ஷே செய்த முதல் 356-இல் இருந்தது 35 குதிரைத்திறன் மட்டுமே. ஆனால் அந்தக் காரின் எடை 585 கிலோ. ஒருவர் பெரிய எஞ்சினைத் தேடிப் போனார், இன்னொருவர் சிறிய உடலைத் தேடிப் போனார். அந்தக் குணம் இரண்டு கார்களிலும் இன்றும் மாறவில்லை.

தினசரி ஓட்டத்தில் மஸ்டாங்தான் எனக்கு இனிமை. குறைந்த சுழற்சியிலேயே இழுவை கிடைப்பதால் அலுவலகம் போய்வரும் நெரிசலில் மூன்றாம் கியரிலேயே பாதி வழியைக் கடந்துவிடலாம். சாதாரண பெட்ரோலே போதும். 435 குதிரைத்திறனும் முழுதாக வேண்டுமென்றால்தான் 93 ஆக்டேன் என்ற உயர்ரகப் பெட்ரோல். பின்னிருக்கையில் பெரியவர்கள் நீண்ட நேரம் உட்கார முடியாது. ஆனால் என் மகள் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை அதில்தான் பள்ளிக்குப் போனாள். டிசம்பரில் குளிர்கால டயர் மாட்டிவிட்டால் பனியிலும் தாக்குப்பிடிக்கும், நிதானமாக ஓட்டினால்.

அந்த எஞ்சின் கிளம்பும் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜனவரியில் காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியதும் முதல் இருபது நொடிக்கு எஞ்சின் உறுமும். கராஜ் கதவின் தகரம் அதிரும், அலமாரியில் இருக்கும் ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். எனக்கு அது உயிர். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை பிறந்த ஆண்டு, காரை ஓசையில்லாமல் தெருவரை தள்ளிக்கொண்டுபோய்க் கிளப்பியிருக்கிறேன். 2018 மாடலிலிருந்து, எஞ்சின் அமைதியாகக் கிளம்பும் நேரத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதியை ஃபோர்டு கொடுத்துவிட்டது. புதியதை வாங்குகிறவர்கள் அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கேமனை மிச்சிகன் சாலையில் ஓட்டும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். எங்கள் ஊர்ச் சாலைகள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டவை. கேமனின் கியர் விகிதங்களோ நீளமானவை. இரண்டாம் கியரிலேயே 80 மைலைத் தொடலாம். எஞ்சினின் உச்சக் குரலை இரண்டு கியரில் கேட்பதற்குள் நெடுஞ்சாலையின் 70 மைல் வரம்பைத் தாண்டிவிடுவோம். அதன் அருமை தெரிய வேண்டுமென்றால் ஓஹாயோவின் ஹாக்கிங் ஹில்ஸ் பக்கம் போக வேண்டும். மேடும் பள்ளமும் வளைவுமாகக் காட்டுக்குள் போகும் அந்த ஒற்றைச் சாலைகளில் ஐம்பது மைல் வேகத்திலேயே மனம் நிறைந்துவிடும். ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும் என்று நினைக்கும்போதே காரின் மூக்கு திரும்பியிருக்கும். இரண்டே பேர் உட்காரும் கார் என்றாலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு டிக்கி. இரண்டும் சேர்ந்து 425 லிட்டர், மஸ்டாங்கின் 382 லிட்டரைவிட அதிகம். மூன்று நாள் பயணத்துக்கு என் மனைவி அதைத்தான் விரும்புகிறார்.

இனி பந்தயத் தடம். மிச்சிகன் ஏரிக்கரைக்கு அருகே, சௌத் ஹேவனில் ஜிஞ்சர்மேன் என்ற தடம் இருக்கிறது. 2.14 மைல் சுற்று, 11 வளைவுகள். பொதுமக்கள் தங்கள் சொந்தக் காரைப் பயிற்சியாளருடன் ஓட்டிப் பார்க்கும் நாள்கள் அங்கே உண்டு. இரண்டு கார்களையும் சேர்த்து முப்பது நாளுக்குமேல் ஓட்டியிருக்கிறேன். சாலை டயர்களோடு மஸ்டாங்கில் என் சிறந்த நேரம் 1 நிமிடம் 51 நொடி, கேமனில் 1 நிமிடம் 48 நொடி. பின்பக்க நேர்பாதையின் முடிவில் மஸ்டாங்தான் ஐந்து மைல் அதிக வேகத்தில் இருக்கும். அந்த லாபத்தை அடுத்த வளைவுக்கு முன்னால் பிரேக்கிலும், வளைவுக்குள் டயரிலும் திருப்பிக் கொடுத்துவிடும்.

ஏன் என்பதைக் கையால் தொட்டுப் புரிந்துகொண்ட நாள் ஒன்று உண்டு. 2019 ஆகஸ்ட், நல்ல வெயில். மஸ்டாங்கின் பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுகளாக நான் மாற்றவில்லை. மாற்றிவிட்டு வா என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார், நான் தள்ளிப்போட்டேன். பழைய ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவைத்திருக்கும். சூடேறினால் ஆவிக்குமிழ் கிளம்பும். ஏழாவது சுற்றில் நேர்பாதையின் முடிவில் பெடல் பாதி தூரம் வெறுமையாக இறங்கிய பிறகுதான் பிடித்தது. வளைவைத் தாண்டிப் புல்லில் போய் நின்றேன். காருக்கோ ஆளுக்கோ சேதமில்லை. பிட் பகுதிக்குத் திரும்பி இறங்கியபோது சக்கரத்திலிருந்து கருகிய நெடி முகத்தில் அடித்தது. முன் டிஸ்க்குகள் நீலம் பாய்ந்திருந்தன. முன் டயர்களின் வெளிவிளிம்பில் ரப்பர் உருண்டு திரிதிரியாக ஒட்டியிருந்தது.

தவறு முழுக்க என்னுடையது. ஆனாலும் அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரே வேகத்திலிருந்து நிற்க, 1,680 கிலோ காரின் பிரேக்குகள் 1,320 கிலோ காரைவிட 27 சதவீதம் அதிக வெப்பத்தை விழுங்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும், ஒவ்வொரு வளைவிலும். பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜில் வரும் 15 அங்குல பிரெம்போ பிரேக்குகள் உண்மையிலேயே உயர்ந்தவை. அவை இல்லாமல் இந்த எடையை அங்கே கொண்டுபோகக் கூடாது. கேமனோ அதைவிடச் சிறிய பிரேக்குகளுடன், தடத்தில் ஒருமுறை இறங்கினால் ஓடும் இருபது நிமிடமும் ஒரே மாதிரி ஓடும்.

எடை எவ்வளவு என்பதைப் போலவே, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். தோளில் காவடித்தண்டின் இரு நுனிகளிலும் சுமையைத் தொங்கவிட்டுக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். அதே சுமையை இடுப்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் பாருங்கள். கேமனின் எஞ்சின் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே இருக்கிறது. நீண்ட வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை ஒரு நூலளவு எடுத்தால், மூக்கு உள்பக்கம் ஒரு நூலளவு வருகிறது. அந்த உணர்வுக்காகத்தான் நான் பணம் கொடுத்தேன். மஸ்டாங்கில் வேறு வகை மகிழ்ச்சி. பொறுமையாக நுழைந்து, ஸ்டீயரிங் நேரானதும் வலது காலை அழுத்தினால் பின்பக்கம் சற்றே அமர்ந்து காரை உந்தித் தள்ளும். 2015-இல் எல்லா மஸ்டாங்குகளுக்கும் பின்சக்கரங்கள் தனித்தனியே இயங்கும் சஸ்பென்ஷன் வந்ததால் மேடுபள்ளத்திலும் அது தடம் மாறுவதில்லை.

செலவுக்கு வருவோம். மஸ்டாங்குக்கு ஆயில் மாற்றுவது என் சொந்த வேலை. எட்டு குவார்ட் ஆயில், ஒரு ஃபில்டர். சுமார் 60 டாலர், நாற்பது நிமிடம். பானெட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். கேமனில் எஞ்சினைப் பார்ப்பதே அபூர்வம். பின் டிக்கிக்குள் ஆயில் ஊற்றவும் குளிர்நீர் ஊற்றவும் இரண்டு மூடிகள்தான் தெரியும். ஆயில் அளவு பார்க்கும் கம்பிகூடக் கிடையாது, திரையில்தான் பார்க்க வேண்டும். தனியாகத் தொழில் செய்யும் மெக்கானிக் ஒருவரிடம் ஆயில் சர்வீசுக்கு 190 டாலர் கொடுக்கிறேன். வேறொரு பட்டறையில் ஜாக்கியைத் தவறான இடத்தில் வைத்து அடிப்பகுதிப் பலகையை உடைத்துவிட்டார்கள். அதிலிருந்து, இந்தக் காரைத் தெரிந்தவரிடம் தவிர யாரிடமும் விடுவதில்லை. ஆனால் தடத்துக்குப் போகும் ஆண்டுகளில் தராசு சாய்ந்துவிடும். முன் பிரேக் பேடுகள் மஸ்டாங்கில் நான்கு தட நாள் தாங்கும், கேமனில் எட்டு நாள். டயரும் அதே கதைதான்.

பெட்ரோல், காப்பீடு நீங்கலாக என் நோட்டுப்புத்தகத்தில் இருப்பது இது. மஸ்டாங்: வாங்கியது 36,400 டாலர், இப்போது கேட்கிறவர்கள் சொல்வது 20,000, இடையில் செலவு 13,000. பத்து ஆண்டில் கைவிட்டுப் போனது 29,400, ஆண்டுக்கு 2,940. கேமன்: வாங்கியது 51,000, இப்போது கேட்கிறவர்கள் சொல்வது 46,000, செலவு 15,800. ஏழு ஆண்டில் 20,800, ஆண்டுக்கு 2,971. இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடலாம்! ஆனால் மைல் கணக்கில் மஸ்டாங் 41 சென்ட், கேமன் 63 சென்ட். ஒன்றைப் புதிதாகவும் மற்றதைப் பழையதாகவும் வாங்கியதால் இது சரிநிகர் ஒப்பீடு ஆகாது. மூன்றாண்டுப் பழைய மஸ்டாங்கை வாங்கியிருந்தால் அதன் இழப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். கேமனின் விலை இறங்காமல் நிற்பதற்கு ஒரு காரணம், 2016-இல் அதன் அடுத்த தலைமுறை நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சினுக்கு மாறியது. ஆறு சிலிண்டரின் குரலை விரும்பியவர்கள் பழையதைத் தேடத் தொடங்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் நாளில் 51,000 டாலரை எடுத்துவைக்க முடிந்தவருக்குத்தான் இந்தச் சிக்கனம் கிடைக்கும். மசில் காரின் மதிப்பை நான் எங்கும் குறைத்துப் பேசாததற்கு அதுதான் காரணம்.

இந்தக் கணக்கு அமெரிக்க மண்ணுக்கு மட்டுமே பொருந்தும். இந்தியாவில் 2016-இல் மஸ்டாங் ஜிடி அறிமுகமானபோது ஷோரூம் விலையே 65 லட்சம் ரூபாய். குறைந்த விலைக்கு நிறைய சக்தி என்ற அதன் பிறவிக் குணம் இறக்குமதி வரியில் கரைந்துவிட்டது.

எல்லைக்கோடும் இப்போது மங்கிவிட்டது. 2020 மாடல் செவ்ரலே கார்வெட், எஞ்சினை நடுவில் வைத்துக்கொண்டு 59,995 டாலரில் தொடங்கியது. அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்று கேமனின் இலக்கணத்தையே கையில் எடுத்துவிட்டது. டாட்ஜ் சேலஞ்சரின் உற்பத்தி 2023 டிசம்பரில் முடிந்தது, அதே மாதத்தில் செவ்ரலே கமாரோவும் நின்றது. வி8 எஞ்சினும் கையியக்கக் கியரும் சேர்ந்த கூபே (இரண்டு கதவுக் கார்) புதிதாக வேண்டுமென்றால் அமெரிக்க நிறுவனங்களிடம் மிஞ்சியிருப்பது மஸ்டாங் ஒன்றே. இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது.

போன மாதம் என்னுடன் வேலை செய்யும் தம்பி ஒருவர் இதே கேள்வியோடு வந்தார். ஆண்டுக்கு எத்தனை நாள் தடத்துக்குப் போவாய் என்று கேட்டேன். ஒரு நாள் போனால் அதிசயம் அண்ணா என்றார். வீட்டில் நான்கு வயதுக் குழந்தை. மஸ்டாங்கைப் பார், பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் இல்லாததைத் தொடாதே என்றேன். சனிக்கிழமை காலை இருவரும் போய் 2017 மாடல் ஒன்றைப் பார்த்தோம். தரையில் படுத்து, பின் டயர்களின் உள்விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன். தேய்மானம் சீராக இருந்தது. சாலை உப்பு தின்ற துரு அடியில் எங்கும் இல்லை. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த நிலையில் கிளப்பச் சொன்னேன். குழந்தை இருக்கையைத் தம்பி கையோடு கொண்டுவந்திருந்தார். முன்னிருக்கையை மடித்து, குனிந்து, பின்னால் அதைப் பொருத்திப் பார்த்துவிட்டு, பணம் கட்டலாம் அண்ணா என்றார்.