ரயிலில் உழைக்கவில்லை, விமானத்தில் ஏற்றவில்லை: சிபாப் பேட்டரியில் போன ரூ.21,500

தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் மாஸ்க் வழியே காற்றை அழுத்தமாகச் செலுத்தும் சிபாப் கருவியோடு வெளியூர் கிளம்புகிறவர்கள், பேட்டரிக்காக யாரிடமாவது பணத்தை நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். காசியிலிருந்து திரும்பிப் பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய். முகத்தில் மாஸ்க் இல்லாமல் படுத்தால் சற்று நேரத்திலேயே திணறி எழுந்துவிடுவார். போகும்போது ரயில், திரும்பும்போது விமானம் என்று ஏற்பாடு. ரயில் பெட்டியில் பிளக் இருக்கிறதே என்று கேட்பீர்கள். பல பெட்டிகளில் அது 110 வோல்ட். அதுகூடப் பரவாயில்லை, கருவியின் அடாப்டர் 100 முதல் 240 வரை தாங்கும். ஆனால் தீ விபத்துகளுக்குப் பிறகு, இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை அந்தப் பிளக்குகளில் மின்சாரத்தை நிறுத்தி வைக்கும் நடைமுறையை 2021-இல் ரயில்வே இறுக்கிப் பிடித்தது. இரவில் ஓட வேண்டிய கருவிக்கு, இரவில் மட்டும் மின்சாரம் இல்லாத பிளக்! பேட்டரி இல்லாமல் முடியாது.

மூச்சுக் கருவிகள் விற்கும் கடை அது. கண்ணாடிக் கதவு, மருந்து வாடை, சுவர் நிறைய மாஸ்க்குகள். உரிமையாளர் அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, மாஸ்க்கின் பட்டை கன்னத்தில் அழுத்துகிறது என்று தானே தளர்த்திவிட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை. அந்தப் பரிவில்தான் அப்பா மனம் மயங்கினார். "நல்ல மனிதர்டா" என்று என் காதில் சொன்னார். அதன் பிறகுதான் பேட்டரி வெளியே வந்தது. "கையில் வாங்கிப் பாருங்கள் சார், எவ்வளவு இலேசு! ஹியூமிடிஃபையரோடு இரண்டு இரவு ஓடும். விமானத்துக்கும் அனுமதி உண்டு." ஹியூமிடிஃபையர் என்பது மூச்சுக் காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டி, மின்சாரத்தை நிறைய இழுக்கும். பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு சான்றிதழையும் காட்டினார். விமானத்தைப் பற்றி நான் மறுபடியும் அழுத்திக் கேட்டேன், மறுபடியும் தலையாட்டினார். ரூ.21,500 கொடுத்தோம்.

ஹியூமிடிஃபையரை நிறுத்தி வைத்துத்தான் ரயிலில் ஓட்டினோம். விஜயவாடா தாண்டியதும் கருவி அணைந்துவிட்டது. பேட்டரியில் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது! அப்பா விடியும் வரை ஜன்னலில் சாய்ந்து உட்கார்ந்தே வந்தார். பேட்டரியையும் அதன் லேபிளையும் படமெடுத்துக் கடைக்கு அனுப்பினேன். "டெக்னீஷியன் அழைப்பார்" என்று பதில். யாரும் அழைக்கவில்லை.

வாரணாசி விமான நிலையத்தில் அடுத்த கூத்து. சோதனை அதிகாரி லேபிளைத் திருப்பிப் பார்த்தார். 24 வோல்ட், 12 ஆம்ப் ஹவர். மனக்கணக்காகவே பெருக்கி, "288 வாட் ஹவர், ஏற்ற முடியாது" என்றார். வாட் ஹவர் என்பது பேட்டரி சேமித்து வைக்கும் மின்சாரத்தின் அளவு. அவர் மேல் தப்பில்லை. 100 வரை தடையில்லை. 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் பயணிகள் கொண்டுபோகவே கூடாது. விதி அதுதான். லேபிளில் இருந்த பெரிய எண் பொய் என்பதால் ரயிலில் அணைந்தது. அதே எண் அச்சாகியிருந்ததால் விமானத்தில் ஏறவில்லை. உண்மையில் 288 வாட் ஹவர் என்றால் உள்ளே இருக்கும் செல்கள் மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். எங்களுக்குக் கிடைத்தது அரைக் கிலோகூட இல்லை. அந்த "இலேசு" என்ன இலேசு என்பது இப்போது விளங்குகிறது.

பேட்டரியை அங்கேயே போட்டுவிட்டு வந்தோம். ரூ.21,500!

சென்னை வந்ததும் கடைக்குப் போனேன். முதலில், "ஹியூமிடிஃபையரைப் போட்டிருப்பீர்கள்" என்றார். போடவில்லை என்றதும், "ரயிலின் குலுக்கலில் அப்படி ஆகும்" என்றார். ரயிலுக்கென்று கேட்டு வாங்கிய பொருள் ஐயா அது! கடைசியில், "பொருளைக் கொண்டு வாருங்கள், சோதித்துவிட்டுப் பணம் தருகிறோம்" என்றார். பொருள் வாரணாசியில் கிடக்கிறது என்பது தெரிந்தேதான் சொல்கிறார். கன்னத்தில் பட்டை அழுத்துகிறது என்று பரிந்த அதே ஆள் இவர்.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் நினைத்தேன், பொறுமை இல்லை. வோல்ட்டையும் ஆம்ப் ஹவரையும் நீங்களே பெருக்கிப் பாருங்கள். வாங்கிய பேட்டரியை வீட்டில் ஒரு முழு இரவு ஓட்டிப் பார்த்த பிறகே டிக்கெட் எடுங்கள். உதிரி பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. கிளம்பும் முன் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யுங்கள். டாக்டரின் கடிதம் கையில் இருக்கட்டும். பில்லில் மாடல் எண் கட்டாயம் வேண்டும். எங்கள் பில்லில் "மருத்துவ உதிரி பாகம்" என்று மட்டுமே இருக்கிறது.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்துவிட்டேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கடையிலிருந்து செய்தி வந்திருக்கிறது: அடுத்த பேட்டரிக்குப் பத்து சதவீதம் தள்ளுபடியாம்.