பன்னிரண்டு வாரச் சீஷத்துவப் பயிற்சி: கலந்துகொண்டவளின் மதிப்பீடு

ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கும், சில காலம் சபையைவிட்டு விலகியிருந்து திரும்பியவர்களுக்கும் சிங்கப்பூரில் ஒரு தமிழ்ச் சபை நடத்தும் சீஷத்துவப் பயிற்சியில், அதாவது இயேசுவின் சீடராக வாழக் கற்றுத்தரும் பயிற்சியில், கடந்த ஆண்டு சேர்ந்தேன். நான் இரண்டாம் வகையைச் சேர்ந்தவள். கட்டணம் கிடையாது, கையேட்டுக்கு மட்டும் 8 வெள்ளி வாங்கினார்கள்.

கையேட்டில் ஜெபம், வேதவாசிப்பு, சாட்சி, காணிக்கை என வழக்கமான பாடங்களே உள்ளன. இங்கே பிறந்து வளர்ந்த இளையர்கள் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பின் தமிழில் தடுமாறுவதால், அருஞ்சொற்களுக்குப் பொருள் தந்திருக்கலாம்.

பயிற்சியைத் தாங்கி நிறுத்தியது, ஒவ்வொருவருக்கும் மூத்த விசுவாசி ஒருவரைத் துணையாக அமர்த்திய ஏற்பாடுதான். எனக்கு வாய்த்தவர் பணி ஓய்வு பெற்ற ஓர் அக்கா. ஞாயிறு பிற்பகல் 2 மணி என்று குறித்த நேரம், மருத்துவமனையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் எனக்கு ஒத்துவரவில்லை; மாற்ற இயலாது என்று ஏற்பாட்டாளர்கள் சொல்லிவிட்டார்கள். அக்காவோ, நான் இரவு வேலை முடித்து வரும் காலை எட்டரை மணிக்குத் தேக்கா உணவங்காடியில் இடம்பிடித்துக் காத்திருப்பார். "முதல்ல சாப்பிடும்மா, அப்புறம் பேசலாம்" என்று தோசைத் தட்டை என் பக்கம் நகர்த்துவார். நான் கை கழுவி வரும்வரை வேதாகமத்தைத் திறக்கமாட்டார்.

ஆறாம் வாரப் பாடம் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. ஊழியப் பயணத்தின் நடுவே பம்பிலியா நாட்டில் பிரிந்துபோன மாற்குவை மறுபடி கூட்டிச்செல்ல அப்போஸ்தலர் பவுல் சம்மதியாதபோது, அவருடைய உடன் ஊழியர் பர்னபா அவனைத் தன்னோடு சீப்புரு (சைப்ரஸ்) தீவுக்கு அழைத்துச் சென்றதை அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தில் வாசித்தோம். அதே மாற்குவைத்தான், தன் ஊழியத்துக்குப் பயன்படுகிறவன் என்று சொல்லி, பவுல் பின்னாளில் தன் சீடன் தீமோத்தேயுவிடம் அழைத்துவரச் சொல்கிறார். இரண்டு பகுதிகளையும் என்னையே வாசிக்கச் சொன்ன அக்கா, என் விலகலைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நானாகவே சொல்லத் தொடங்கினேன். முக்கால் மணி நேரம் அவர் குறுக்கிடவில்லை. அவருடைய தேநீர் ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது.

என் பெரிய மனக்குறை முடிவைப் பற்றியது. 2 தீமோத்தேயு 2:2ஐ ஒன்பதாம் வாரத்தில் மனப்பாடம் செய்தோம். பவுலிடம் கேட்டதைத் தீமோத்தேயு உண்மையுள்ளவர்களிடம் ஒப்புவிக்க, அவர்கள் மற்றவர்களுக்குப் போதிக்க வேண்டும் என்று நான்கு தலைமுறையைச் சொல்லும் வசனம் அது. பன்னிரண்டாம் வாரத்தில் சான்றிதழ் தந்து குழுப்படம் எடுத்தார்களே தவிர, இனி யாருக்குத் துணை நிற்கப்போகிறீர்கள் என்று எவரும் எங்களைக் கேட்கவில்லை. துணை நின்ற மூத்தவரோடு சேர்ந்து புதியவர் ஒருவரை மூன்று மாதமாவது வழிநடத்திப் பழகும் பகுதியைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

சேர விரும்புவோர், தங்கள் வேலை நேரத்தை விண்ணப்பத்திலேயே எழுதி, அதற்கு ஒத்துவரும் மூத்த விசுவாசியைத் துணையாகக் கேட்டுப் பெறுவது நல்லது.

சான்றிதழ் வாங்கிய மறுவாரம் அக்கா என்னை அழைத்து, தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்திருக்கும் ஒரு தாதியின் தொலைபேசி எண்ணைத் தந்தார். அவருக்கும் இரவு ஷிஃப்ட்தான்.