பெரியப்பாவுக்கு மரக்கட்டை ஏர் ரைஃபிள்: ஸ்பிரிங்கா, பிசிபியா?

மாம்பலம் பெரியப்பாவுக்கு 68 வயசு, 10 மீட்டர் பேப்பர் டார்கெட் சுடணும்னு ரொம்ப நாள் ஆசை, துப்பாக்கியோட கட்டை பிளாஸ்டிக்ல வேணாம், மரத்துலதான் வேணும்னுட்டாரு.

ஸ்பிரிங்னா, உள்ள இருக்கற ஸ்பிரிங் காத்தை அழுத்திக் குண்டைத் தள்ளுற வகை, காசு கம்மி, பம்ப்பு கிம்ப்பு எதுவும் வேணாம், ஆனா ஒவ்வொரு பெல்லட்டுக்கும் (சின்னக் குண்டு) பேரலை மடக்கி இழுக்கணும், கடையில நாலாவது தடவை இழுக்கறப்பவே வலது தோளைப் பிடிச்சுக்கிட்டாரு, எனக்கு மனசே கேக்கல. முன்னும் பின்னும் உதைக்கும் வேற, இறுக்கிப் பிடிச்சா குறி தப்பிடும்.

பிசிபில (pre-charged pneumatic) துப்பாக்கியில இருக்கற சின்ன சிலிண்டர்ல காத்த முன்னாடியே அடைச்சு வச்சுக்கிறதால உதை ரொம்பக் கம்மி. விலைதான் ஜாஸ்தி, 200 பார் அழுத்தம் வரைக்கும் கைப்பம்ப்புல அடிக்கிறது அவரால முடியாது, ஞாயித்துக்கிழமை நான் போய் அடிச்சுக் குடுத்துடுவேன்.

ரெண்டுமே குழல் விட்டம் 4.5 மிமீ, குண்டு வெளிய வர்ற சக்தி 20 ஜூலுக்குள்ள இருந்தா லைசென்ஸ் வேணாம். நம்ம ஊரு உப்புக்காத்துக்கு எண்ணெய்த் துணியால பேரலைத் துடைச்சே ஆகணும். நான் பிசிபிதான் சொல்லுவேன், காசு பத்தலன்னா ரெண்டு மாசம் சேத்து வாங்கலாம்.