ஆறாம் வகுப்பிலேயே சேர்த்திருக்க வேண்டும்: எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளி

பள்ளியின் பெயர் வேண்டாம். கிருஷ்ணகிரியில் டவுன் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி, ஆறு முதல் பன்னிரண்டு வரை, இருபாலரும் படிப்பது. நானும் அங்கே படித்தவன்தான். நாங்கள் படித்த காலத்தில் இது தருமபுரி மாவட்டம். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனதும் வாசல் வளைவில் இருந்த பெயரை அழித்து எழுதினார்கள். இன்றைக்கும் சாயங்கால வெயில் சாய்ந்து அடிக்கும்போது பெயின்டுக்கு அடியில் 'தருமபுரி' நன்றாகவே தெரியும்.

என் மகள் பத்தாவது வரை தனியார் பள்ளி. இந்த இரண்டு மாவட்டத்திலும் விடுதியோடு சேர்ந்த பள்ளிகளுக்கு எவ்வளவு மவுசு என்று உங்களுக்கே தெரியும், மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு 2017-இல் நிறுத்திய பிறகும் அந்த மயக்கம் போகவில்லை. கொரோனாவில் என் தொழில் படுத்துவிட்டது, ஃபீஸ் கட்ட முடியவில்லை, 2022 ஜூனில் பிளஸ் ஒன்னுக்கு இங்கே கொண்டுவந்து சேர்த்தேன். சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

நான் செய்த தப்பு இங்கே சேர்த்தது இல்லை, தாமதமாகச் சேர்த்தது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது, அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் கொடுத்தார்கள். ஆனால் அதற்கு ஆறாவது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் (ஆர்.டி.இ.யில், அதாவது கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடத்தில், எட்டாவது வரை தனியாரில் படித்து அப்புறம் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு). கல்லூரி போகிற பெண்களுக்குக் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்குப் பார்க்கிறார்கள். ரெண்டு வருடம் அரசுப் பள்ளியில் படித்தும் என் மகளுக்கு இது எதுவும் கிடைக்கவில்லை. கூடவே உட்கார்ந்து படித்த, அவளை விடக் கொஞ்சம் கம்மி மார்க் எடுத்த பெண் இன்றைக்கு அரசு செலவில் பொறியியல் படிக்கிறாள். அந்தப் பெண் மேல் பொறாமை இல்லை, என் மேல்தான் எரிச்சல். அதனால்தான் மகனை 2024-இல் ஆறாம் வகுப்பிலேயே இங்கே போட்டேன்.

சரி, படிப்பு எப்படி? ஆசிரியர் இருக்கும் பாடத்தில் தனியாருக்கு ஒரு படி மேல். கணக்கு டீச்சர் காலையில் எட்டரைக்கே ஸ்லிப் டெஸ்ட் பேப்பரோடு நிற்பார், தேறாத பிள்ளைகளுக்குத் தனியாக மினிமம் மெட்டீரியல் (பாஸ் பண்ணத் தேவையானது மட்டும்) ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்து, மாலையில் கடைசி பஸ்ஸுக்கு விடுகிற வரை உட்கார வைப்பார். ஆசிரியர் இல்லாத பாடத்தில்தான் வினை. என் மகள் பிளஸ் டூ போன வருடம் இயற்பியல் சார் கலந்தாய்வில் மாறுதல் வாங்கிப் போய்விட்டார். தெற்கத்திக்காரர், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே தனியாகப் பொங்கித் தின்றவர், அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் இது ஒருவரோடு நிற்பதில்லை, வடக்கு மாவட்டங்களில் வேலைக்குச் சேர்ந்து சொந்த ஊருக்கு மாறுதல் வாங்குவது வருடா வருடம் நடக்கிற கதை. பெற்றோர் ஆசிரியர் கழகம் தற்காலிகமாக ஒருவரைப் போட்டபோது காலாண்டுத் தேர்வே முடிந்துவிட்டது. மகள் மற்ற பாடங்களில் எல்லாம் தொண்ணூறுக்கு மேல், இயற்பியலில் மட்டும் 71. சேர்ப்பதற்கு முன் அலுவலகத்தில் போய் மேல்நிலை வகுப்புகளுக்கு எந்தப் பணியிடம் காலி என்று கேட்டுவிடுங்கள், சொல்வார்கள்.

விளையாட்டைப் பற்றி எழுதத்தான் எனக்கு ஆசை. மைதானம் பெரியது, ஆனால் பாதி சரளைக்கல். பி.இ.டி. சார் (விளையாட்டு ஆசிரியர்) ஒரே ஒருவர், பரீட்சை நெருங்கினால் அவருடைய பீரியடையும் அறிவியலுக்குக் கொடுத்துவிடுவார்கள், அதனால் அவர் பயிற்சியைக் காலை ஆறரைக்கு வைத்துக்கொண்டார். கோ-கோ கம்பம் தைலமரக் கட்டை. தொடர் ஓட்டக் கட்டை என்ன தெரியுமா, பிவிசி பைப்பை ஓரடிக்கு அறுத்து, கைக்கு வழுக்காமல் சைக்கிள் டியூப் சுற்றியது. நான்கு பெண் பிள்ளைகள், ஷூ கிடையாது, கட்டைவிரலில் மட்டும் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஓடுவார்கள். மூன்றாவதாக ஓடுகிற பெண் கட்டையைக் கொடுக்கும்போது "புடி!" என்று ஒரு சத்தம் போடுவாள், காம்பவுண்டுக்கு வெளியே டீ குடிக்கிற நாங்களே திரும்பிப் பார்ப்போம். அவளுடைய அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை, இவள் ஆயா வீட்டில் இருந்து படிக்கிறாள். குறுவட்டப் போட்டியில் இந்த நால்வர் அணி முதலாவது. மாவட்டப் போட்டியில் ஸ்பைக் ஷூ போட்ட பிள்ளைகளோடு ஓடி மூன்றாவது வந்தார்கள். போய்வர வேன் வாடகை பி.இ.டி. சார் கையிலிருந்து போனது என்று பிறகுதான் தெரியும்.

பழக்க வழக்கம் என்று பார்த்தால், திங்கள்கிழமை கூட்டத்தில் குறள், செய்தி எல்லாம் எங்கள் காலத்தில் இருந்தது போலவேதான். பிள்ளைகளைக் குழுவாகப் பிரிக்கிற அரசின் மகிழ் முற்றம் திட்டம் வந்த பிறகு குறிஞ்சி, முல்லை என்று ஐந்து குழு, என் மகன் முல்லை, பாலைக்காரர்களோடு வீட்டில்கூடச் சண்டை பேசுகிறான். பிளஸ் டூ தேர்வுக்கு முந்தின வாரம் பிளஸ் ஒன் பிள்ளைகள் காசு சேர்த்து அண்ணன் அக்காக்களுக்கு ஆளுக்கொரு பேனாவும் எலுமிச்சை சாதமும் கொடுப்பார்கள். வெளியே போகிற செட் பள்ளிக்கு ஏதாவது வாங்கித் தர வேண்டும் என்பதும் வழக்கம். எங்கள் செட் பெயர் எழுதின ஃபேன் எட்டாம் வகுப்பில் இன்னும் தொங்குகிறது. சுற்றாது.

கழிப்பறைக்கு ஒரு ஸ்டார்கூட இல்லை. ரெண்டு வருடமும் என் மகள் காலையில் தண்ணீர் குடிக்காமல்தான் கிளம்பினாள். புதிதாகக் கட்டியிருக்கிறார்கள், பூட்டியிருக்கிறது, ஏன் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ரெண்டு தடவை கேட்டாயிற்று. அப்புறம் ஜூனில் பள்ளி திறந்ததும் மாங்காய் சீசன், தோப்பு வேலைக்குப் போகிற பிள்ளைகள் ஜூலையில்தான் ஒழுங்காக வருவார்கள், அதுவரை பாடம் மெதுவாகத்தான் போகும்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. சேர்க்கப் போகிறவர்கள் டி.சி., ஆதார், சாதிச் சான்றோடு போங்கள். தமிழ் வழியா ஆங்கில வழியா என்று அங்கேயே கேட்பார்கள், வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொண்டு போவது நல்லது, நான் வரிசையில் நின்றுகொண்டு மனைவிக்கு போன் போட்டேன், பின்னால் இருந்தவர்கள் திட்டினார்கள்.