மாரடைப்புக்குத் தனியார், மாத்திரைக்கு அரசு

அம்மைக்கு நெஞ்சுவலி வந்தது ராத்திரி பதினொன்றரைக்கு. குமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம், எல்லை தாண்டித் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குப் போகலாம், இல்லாவிட்டால் பக்கத்திலேயே தனியார். எது கிட்டேயோ அங்கே ஓடினோம். தனியாரில் கூட்டம் குறைவு, டாக்டர் நின்று பேசுவார். அரசில் வரிசை, வராந்தாவில் பாய். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

திருவனந்தபுரத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1 வரை எங்களுக்கு அதுதான் தலைநகரம். 1951இல் தொடங்கிய அந்தக் கல்லூரியை எங்கள் பெரியவர்கள் வேற்று மாநிலத்து ஆஸ்பத்திரியாக நினைப்பதே இல்லை. நல்ல இடம்தான். ஆனால் மாதாமாதம் மருந்துக்காக அங்கே பஸ் ஏற முடியாது.

அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாயான ஸ்டென்ட் வைக்க முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் அட்டை கிடைக்கும். பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். கட்டில் தனியாருடையது, காசு அரசாங்கத்துடையது. அனுமதி வரும்வரை முன்பணம் கட்டச் சொன்னார்கள். திரும்பக் கிடைத்தது, ஆனாலும் அந்த ராத்திரியில் கடனுக்கு அலைந்தது மறக்கவில்லை.

கையைக் கடித்தது டிஸ்சார்ஜுக்கு அப்புறம்தான். ஸ்டென்ட் ஒரு நாள் வேலை, மாத்திரை ஆயுசுக்கும். அதற்கு அட்டை உதவவில்லை. ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் மூன்று மாதம், மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தேன். நான்காம் மாதம் டிஸ்சார்ஜ் சம்மரியோடு பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் ஒவ்வொரு பிராண்டு பெயருக்கும் பக்கத்தில் பேனாவால் மருந்தின் பெயரை எழுதினார். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் தனியாரில் ஒரே கேப்சூல், அரசில் தனித்தனி.

“ஒரு குளிகை கூடுதலா இருக்கே மக்களே?” என்றாள் அம்மை. ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடித்த மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓசி மருந்து மட்டமாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு எனக்கும் இருந்தது. விசாரித்தேன். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குகிறது. ஒவ்வொரு பேட்சையும் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்த பிறகே ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கிறது. சரி, அதுவே போதும் என்று மாறிவிட்டோம்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. வருகிற பெண் திண்ணையில் உட்கார்ந்து அம்மையின் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றுவாள். இதய மாத்திரைக்கு மட்டும் நான் போக வேண்டும், அரை நாள் கூலி போகும். ஒரு மாதம் கொழுப்பு மாத்திரை ஸ்டாக் இல்லை என்று வெளியே வாங்க வேண்டிவந்தது. அவசரத்துக்குத் தனியார், மாத்திரைக்கு அரசு என்ற இந்தக் கணக்கு பிரசவத்துக்கும் கேன்சருக்கும் பொருந்துமா என்று சொல்ல மாட்டேன். நான் பார்த்தது ஒரே ஒரு நோயாளியைத்தான்.

ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ என்ற இதய ஸ்கேனுக்கு அந்தத் தனியார் டாக்டரிடமே போகிறோம். போன தடவை அரசு மாத்திரை அட்டைகளைப் புரட்டிப் பார்த்தவர், “இதையே சாப்பிடுங்க” என்றார். புதுச் சீட்டு எழுதவில்லை. வெளியே வந்ததும் அம்மை கேட்டாள்: “பின்னே மூணு மாசம் இங்க எதுக்கு வாங்கினோம்?”